கதவோரம் உட்கார்ந்த கேள்வி

கரகோல்,
ஏப்ரல் 12

அன்புள்ள பெரிசாத்துக்கு, அண்ணி சுராகான் எழுதுவது. ஸலாம். நீ சுகமாக இருக்க இறைவன் துணை இருக்கட்டும்.

பெருநாளன்று நம் வீட்டுச் சாப்பாட்டு விரிப்பைச் சுற்றி இருந்தவர்கள்: கதவுக்கு எதிரே தலை இடத்தில் உன் பெரியப்பாவும் பெரியம்மாவும். அவர்களுக்கு வலப்பக்கம் பள்ளிவாசல் இமாம். இடப்பக்கம் பக்கத்து வீட்டு மாட்டு டாக்டர், அவர் மனைவி. அதற்கடுத்து உன் அண்ணன். பிறகு பிள்ளைகள் அடினையும் எர்லானும். கதவோரம், தேநீர் கொதிக்கும் சமோவாருக்குப் பக்கத்தில், நான். வந்தவர்களையும் அவர்கள் கொண்டுவந்ததையும் எழுதி வைக்காவிட்டால் எனக்குச் சரிப்படாது என்பது உனக்குத் தெரியும். நீ இல்லை என்பதையும் எழுதி வைத்தேன்.

போர்சோக் மாவுத்துண்டுகளைப் பொரித்து மலை மாதிரி குவித்திருந்தேன். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெரியப்பாதான் ஆரம்பித்தார்.

"கண்ணு தெரியாத பொண்ண பிஷ்கெக்ல தனியா விட்டுட்டு, உனக்கு எப்படிப்பா ஆட்டுக்கறி தொண்டைக்குள்ள எறங்குது?"

உன் அண்ணன் கையிலிருந்த எலும்பைக் கீழே வைத்துவிட்டார். "ஆப்பிள் பறிக்கிற வரைக்கும் பாக்குறேன் பெரியப்பா. அந்த ஆஸ்பத்திரி டெலிபோன் வேலை கெடச்சா இருக்கட்டும். இல்லேன்னா, பழத்த எறக்கிட்டு காலியா வர்ற வண்டில அவள ஏத்திட்டு வந்துடுறேன்."

"வந்து?" என்றேன் கதவோரத்திலிருந்து.

"வந்து என்ன? வீட்ல இருப்பா."

அதற்குள் இமாம் விருந்தை முடிக்கும் துஆவுக்குக் கை ஏந்திவிட்டார். எல்லாரும் ஆமீன் சொன்னார்கள். நானும் சொன்னேன். ஆனால் மனசுக்குள் வேறு துஆ கேட்டேன்.

இனி நல்ல செய்தி. ஆஸ்பத்திரிக்கு வரும் டெலிபோனை எடுத்துப் பதில் சொல்லும் வேலைக்காக நீ சேர்ந்திருக்கிறாயே, அந்த இணையப் பாடத்தையும் பரீட்சையையும் ஸ்லைடு ஸ்லைடாகக் கட்டுகிற வேலையைப் பாட நிலையம் எனக்குத்தான் கொடுத்திருக்கிறது! வீடியோ பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டது வீண்போகவில்லை. நீ கேட்கப் போவது பாடம் சொல்லும் டாக்டரின் குரலாக இருந்தாலும், ஒவ்வொரு ஸ்லைடிலும் என் கை இருக்கிறது. நன்றாகப் படி. தேறியவர்களைத்தான் ஆஸ்பத்திரி எடுக்குமாம்.

பழுப்புப் பசு சினையாக இருக்கிறது. உன் பதிலைப் பார்த்திருக்கும்,
அண்ணி.


பிஷ்கெக்,
ஏப்ரல் 25

மதிப்பிற்குரிய அண்ணிக்கு, உங்கள் சின்னப்பெண் பெரிசாத்தின் ஸலாம். அண்ணன், அடினை, எர்லான், பழுப்புப் பசு எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். நான் சுகம்.

உங்கள் கடிதத்தை எங்கள் 'மாப்பிள்ளை' படித்துச் சொன்னான். மாப்பிள்ளை என்றால், கணினித் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் அந்த வாசிப்பான்தான். எங்கள் பார்வையற்றோர் விடுதிப் பெண்கள் வைத்த பெயர். மூக்கால் பேசுவான். ஒரு புள்ளியைக்கூட விடமாட்டான். "பொண்டாட்டி சொல்றத மட்டும் காதுல வாங்கமாட்டான், மத்தபடி தங்கமான பையன்" என்பாள் என் அறைத் தோழி.

பகலில் பிரஷ் கட்டும் பட்டறை, மாலையில் பாடம். பன்றி மயிர் விரலெல்லாம் குத்துகிறது. அதனால் விசைகளை அழுத்துவது எனக்கு ஓய்வு மாதிரி.

பாடம் கேட்டேன். எல்லாரையும் முறையாக அறிமுகப்படுத்தியிருக்கிறீர்கள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. நடுவில் "செவ்வகம் பதினான்கு" என்று ஒன்றை வாசித்தான். அது என்ன அண்ணி?

பரீட்சை ஜூனில்.

என்றும் உங்கள்,
பெரிசாத்.


கரகோல்,
மே 18

என் பெரிசாத்துக்கு, ஸலாம். நாங்கள் எல்லாரும் சுகம். பசு கன்று போட்டுவிட்டது, கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளை.

செவ்வகம் பதினான்கு என்பது பின்னணியில் இருக்கும் மலைப் படத்தின் சட்டம். அழகுக்கு வைத்தது. அழகுக்கு வைத்ததையெல்லாம் வாசிப்பானுக்குத் தெரியாமல் மறைத்துவிட வேண்டும். ஒன்றை விட்டுவிட்டேன் போலிருக்கிறது.

நீ மரியாதையைப் பற்றி எழுதியதும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அந்தச் சூட்சுமத்தைச் சொல்கிறேன், கேள். திரையில் எது மேலே இருக்கிறது, எது கீழே இருக்கிறது என்பது வாசிப்பானுக்குத் தெரியாது. ஓரத்தில் ஒரு பட்டியல் உண்டு. அதில் நான் எதை மேலே இழுத்து வைக்கிறேனோ, அதைத்தான் முதலில் வாசிப்பான். நீ டேப் விசையை அழுத்தினால் பட்டியலில் அடுத்ததற்குப் போவான். யாரை எந்த இடத்தில் வைப்பது என்று அந்தப் பட்டியலை முதலில் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் தலை சுற்றியது. பிறகு சிரிப்பு வந்தது. இது நமக்குத் தெரியாததா? விருந்தாளிகளை உட்கார வைப்பதுதானே!

தலை இடத்தில் பாட நிலையத்தின் இயக்குநர், மதிப்பிற்குரிய ஃபரீதா அப்திகெரிமோவ்னா, அப்பா பெயரும் சேர்த்து. அடுத்து உதவி செய்த நிறுவனத்தின் சின்னம். அடுத்து பாடம் சொல்லும் டாக்டர், அவர் பட்டங்களோடு. பிறகு தலைப்பு, கேள்வி, விடைகள். 'சமர்ப்பி' பொத்தான் கடைசியில், கதவோரம், மருமகள் மாதிரி. பரீட்சையிலும் இப்படித்தான். எப்போதும் ஒருவரே தலை இடத்தில் இருந்தால் மற்றவர் மனம் கோணுமே என்று இடம் மாற்றி மாற்றி வைத்தேன். சில ஸ்லைடுகளில் டாக்டர் முதலில். சிலவற்றில் சின்னம் முதலில். சிலவற்றில் டாக்டருக்கு ஓய்வு.

இயக்குநர் போனிலேயே சொன்னார்: "சுராகான், எங்கப்பா பேரக்கூட விடாம போட்டது நீ ஒருத்திதான்மா. மத்தவங்களுக்கு இந்த வளர்ப்பு இல்ல."

பரீட்சைக்கு முன் இரண்டு ரக்அத் தொழுதுகொள். நானும் இங்கே தொழுவேன்.

அண்ணி.


பிஷ்கெக்,
ஜூன் 30

மதிப்பிற்குரிய அண்ணிக்கு, ஸலாம். கன்றுக்கு என்ன பெயர் வைத்தீர்கள்? அடினை நீச்சல் கற்றுக்கொண்டாளா?

இங்கே வெயில் தாங்கவில்லை. பட்டறையில் மின்விசிறி இரண்டு நாளாக ஓடவில்லை. பரீட்சை முடிந்தது. விடுதி வாசலில் ஒருவர் தர்பூசணி விற்கிறார், தட்டிப் பார்த்து நானே நல்லதாக எடுத்துவிடுவேன்.

எல்லாருக்கும் ஸலாம்.
பெரிசாத்.


கரகோல்,
ஜூலை 6

அன்புள்ள பெரிசாத்துக்கு, ஸலாம். சுகமாக இருக்கிறாயா?

பரீட்சை முடிந்தது என்று எழுதியிருந்தாய். எப்படி முடிந்தது என்று எழுதவில்லை. உன் அண்ணன் தினமும் கேட்கிறார். "தர்பூசணி நல்லா இருக்காம்" என்றேன். "நான் தர்பூசணியவா கேட்டேன்?" என்கிறார்.

இந்த வருஷம் ஆப்பிள் காய்ப்பு அதிகம். உன் அண்ணன் கிளைகளுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார். கன்றின் பெயர் சகால்தாய். அடினை இன்னும் மிதக்கத்தான் செய்கிறாள்.

உடனே எழுது.
அண்ணி.


கரகோல்,
ஆகஸ்ட் 2

அன்புள்ள பெரிசாத்துக்கு, ஸலாம். போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? விடுதிக்குப் போன் செய்தால், நீ பட்டறையில் இருக்கிறாய், நன்றாக இருக்கிறாய் என்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

இன்றைக்கு எனக்கு மனசே சரியில்லை. பாட நிலையத்துக்கு ஒருவன் கடிதம் எழுதியிருக்கிறான். இயக்குநர் அதை எனக்கு அனுப்பி வைத்தார். பெயர் துருஸ்பெக், நாரின்காரன், உன் விடுதியில்தான் இருக்கிறானாம். அவன் எழுதியது அப்படியே:

"நான் பரீட்சை எழுத வந்தேனா, கல்யாணத்துக்கு வந்தேனா? ஒவ்வொரு கேள்விக்கு முன்னாலயும் பெரியவங்க எல்லாருக்கும் கை குடுத்து, சுகம் விசாரிச்சு, அதுக்கப்புறம் கேள்விகிட்ட போனா நேரம் முடிஞ்சிடுது. அந்தக் கேள்விய எதுக்குக் கொண்டு போய்க் கதவுகிட்ட உக்கார வச்சிருக்கீங்க? இதச் செஞ்சவங்க ஒரு தடவையாவது கண்ண மூடிக்கிட்டுக் கேட்டுப் பாத்தாங்களா?"

பார்த்தாயா அவன் நாக்கை! இயக்குநருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "எம் பேரக் கேக்குறதுக்கு இவனுக்கு நேரம் இல்லையாமா?" என்று போனிலேயே கத்தினார். பெரியவர்கள் பெயர் காதில் விழுவது பாரம் என்று நினைக்கிறவனை எந்தத் தாய் வளர்த்தாளோ. உனக்கு அவனைத் தெரியுமா? உனக்கு அப்படி ஒரு சிரமமும் இல்லையே?

அண்ணி.


பிஷ்கெக்,
ஆகஸ்ட் 10

மதிப்பிற்குரிய அண்ணிக்கு, ஸலாம். நான் சுகம். பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள்.

துருஸ்பெக்கைத் தெரியும். எதிர் அறை. முரடன்தான். கதவைத் தட்டாமல் உதைப்பான். ஆனால் விடுதியில் மின்சாரம் போனால், எல்லாருக்கும் அடுப்பில் தேநீர் போட்டுக் கொடுப்பவனும் அவன்தான். "இருட்டுல நமக்கென்ன பயம், கரன்ட் ஆபீஸ்காரனுக்குத்தான் பயம்" என்பான்.

ஜூனில் எழுதியவர்கள் எல்லாரும் செப்டம்பரில் மறுபடி எழுதலாம் என்று சொல்கிறார்கள்.

சகால்தாய் நல்ல பெயர். நெற்றி வெள்ளையைத் தடவிப் பார்க்க ஆசை.

பெரிசாத்.


கரகோல்,
ஆகஸ்ட் 19

என் பெரிசாத்துக்கு, ஸலாம்.

உன் கடிதத்தில் "எல்லாரும்" என்று ஒரு சொல் இருந்தது. மாவு பிசையும்போதும் அது கூடவே இருந்தது, பால் கறக்கும்போதும் இருந்தது. ஆகவே நேற்றுக் காலை பஜ்ர் தொழுகை முடித்துவிட்டு, உன் வாசிப்பான் போலவே ஒன்றை என் கணினியில் ஏற்றினேன். ரொட்டி மூடும் துணியைத் திரைமேல் போட்டேன். காதில் மாட்டிக்கொண்டு, நானே கட்டிய பரீட்சையை நானே எழுத உட்கார்ந்தேன்.

முதல் கேள்வி. ஃபரீதா அப்திகெரிமோவ்னா வந்தார். சரி, ஸலாம் சொன்னேன். சின்னம் வந்தது. டாக்டர் வந்தார், பட்டங்கள் வந்தன. தலைப்பு வந்தது. கேள்வி வந்தபோது என் கவனம் போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து கேட்டேன். மறுபடி ஃபரீதா அப்திகெரிமோவ்னா! அடுத்த கேள்விக்குப் போனாலும் அவரே வாசலில் நிற்கிறார். பேர் பாதியிலேயே டேப் விசையை அழுத்தித் தாண்டப் பழகிக்கொண்டேன். விரல் தானாக ஓட ஆரம்பித்தது. அப்போதுதான் டாக்டருக்கு நான் ஓய்வு கொடுத்த ஸ்லைடு வந்தது. எனக்குத் தெரியவில்லை. வழக்கம்போல ஓடி, கேள்வியையே தாண்டிவிட்டேன். விடைகள் மட்டும் காதில் விழுகின்றன: "ஆம், உடனே. இல்லை, காத்திருக்கச் சொல்க." எதற்கு ஆம்? எதற்கு இல்லை?

அடினை எழுந்து வந்து என்னைப் பார்த்து நின்றாள்.

"என்னம்மா, கணினிக்குத் துணி போட்டிருக்க? செத்துப் போச்சா?"

"சும்மா இரு. பரீட்சை எழுதுறேன்."

"நீ போட்ட பரீட்சையா?"

"ஆமா."

"அப்ப பாஸாயிடுவ."

"இல்லடி. ஆகல."

விடைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். அப்படியும் பாதியைத் தாண்டுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

நீயும் தேறவில்லை, இல்லையா? இந்த வரிசை எவ்வளவு சிரமம் என்று ஏப்ரலிலேயே உனக்குத் தெரியும். நான் பெருமையாக எழுத எழுத, நீ தர்பூசணியைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

நேற்று முழுக்க, இன்று முழுக்க உட்கார்ந்து எல்லா ஸ்லைடுகளையும் பிரித்தேன். ஒவ்வொன்றிலும் கேள்வியைத் தலை இடத்துக்கு இழுத்தேன். அடுத்து விடைகள், அடுத்து சமர்ப்பி. வரிசை எங்கேயும் மாறாது. பெரியவர்கள் எல்லாரும் பாடத்தின் முதல் ஸ்லைடில் ஒன்றாக இருக்கிறார்கள். அங்கே ஒருமுறை ஸலாம் சொன்னால் போதும். மற்ற இடங்களில் படம் இருக்கும், வாசிப்பானுக்குத் தெரியாது. பிறகு இயக்குநருக்குப் போன் செய்தேன்.

"எம் பேரு எங்கம்மா போச்சு?"

"மொத ஸ்லைடுல இருக்கீங்க."

"பரீட்சையில?"

"பரீட்சையில வரமாட்டீங்க."

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"அந்த நாரின்காரன் மறுபடி புகார் எழுதுவானா?"

"கேள்வி முன்னால வந்தா எழுதமாட்டான்னு நெனக்கிறேன்."

"அப்ப மாத்து, மாத்து. அவன் கடிதாசிய இன்னொரு தடவ படிச்சா எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறிடும்."

புதிய பரீட்சையின் மாதிரியை உனக்கு அனுப்பியிருக்கிறேன். கேட்டுப் பார். இந்த முறை மரியாதை வேண்டாம். திட்டு.

அண்ணி.


பிஷ்கெக்,
ஆகஸ்ட் 27

அண்ணிக்கு, ஸலாம்.

ஆமாம். தேறவில்லை.

சொல்லக்கூடாது என்று இல்லை. எத்தனையோ முறை கடிதம் ஆரம்பித்தேன். ஸலாம், சுகம், பசு, கன்று, பிள்ளைகள் என்று போய், விஷயத்துக்கு வரும்போது எல்லாவற்றையும் அழித்துவிடுவேன். கண் போன புதிதில் எனக்குச் சட்டைப் பொத்தான் போடுவதிலிருந்து சமோவாரில் கை சுடாமல் தேநீர் ஊற்றுவது வரை சொல்லிக் கொடுத்தது நீங்கள். நீங்கள் வைத்த சோற்றில் உப்பு இல்லை என்று எப்படிச் சொல்வேன்? நிலையத்தில் புகார் சொன்னால் உங்கள் வேலை போய்விடுமோ என்றும் பயம். துருஸ்பெக்கிடம்கூட அது என் அண்ணி செய்தது என்று சொல்லவில்லை. அவன் திட்டும்போது கூடவே தலையாட்டினேன். அதற்கு மன்னியுங்கள்.

பெருநாளன்று அண்ணன் சொன்னதை நீங்கள் எழுதியிருந்தீர்கள், "வீட்ல இருப்பா" என்று. அந்த வரியை மாப்பிள்ளையிடம் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். அண்ணன் கெட்டவர் இல்லை. அடுப்போரம் கதகதப்பான இடத்தைத்தான் எனக்குக் கொடுப்பார். ஆனால் காலை முதல் மாலை வரை 'இருப்பது' எப்படி என்று எனக்குத் தெரியாது. இங்கே பேருந்து ஏறுகிறேன், ரொட்டி வாங்குகிறேன், தர்பூசணிக்காரரோடு சண்டை போடுகிறேன். அங்கே என்னைக் கைபிடித்துக் கழிவறைக்குக் கூட்டிப் போக ஆள் இருக்கும்.

மாதிரியைக் கேட்டேன். நீங்கள் கேட்டபடி திட்டுகிறேன். ஒன்று: "நேரம் குறைகிறது" என்ற அறிவிப்பு கேள்வியின் நடுவில் வந்து விழுகிறது. கேள்வி முடியும் வரை அது வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். இரண்டு: விடையைத் தேர்ந்தெடுத்ததும் "தேர்ந்தெடுத்தீர்கள்" என்று சொன்னால் நல்லது. தேர்ந்தெடுத்தேனா இல்லையா என்று மறுபடி போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. மூன்று: செவ்வகம் பதினான்கு இன்னும் இருக்கிறது அண்ணி! ஏப்ரலில் சொன்னேன்!

இதை எழுதிவிட்டு எனக்கே வியர்த்துவிட்டது.

பரீட்சை செப்டம்பர் 12, வியாழன்.
பெரிசாத்.


கரகோல்,
செப்டம்பர் 8

என் பெரிசாத்துக்கு, ஸலாம்.

உன் திட்டை அடினையிடம் வாசித்துக் காட்டினேன். "அத்தைக்கு இவ்ளோ பேச வருமா?" என்றாள். மூன்றையும் சரிசெய்துவிட்டேன். செவ்வகம் பதினான்கை இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். பிறகு துணி போட்டு நானே எழுதிப் பார்த்தேன். பாஸ்.

உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் ஆப்பிள் பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவ தவறினது உன்னாலயா?"

"என்னாலதான்."

"நீ இத்தனை நாளா ஊரெல்லாம் சொல்லிட்டிருந்த பாடமா?"

"அதேதான்."

இன்னும் நாலு ஆணி அடித்தார். முடிவை மாற்றவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டுப் பழத்தோடு கிளம்புகிறார். நீ தேறாவிட்டால், திரும்பும் வண்டியில் நீ.

நான் உன் குளிர்காலக் கம்பளி மெத்தையை வெயிலில் காயவைத்து, தட்டி, சுருட்டி, வண்டியில் ஏற்றச் சொன்னேன்.

"போறது பழம் விக்க. மெத்தை எதுக்கு?"

"பெரிசாத்துக்கு. பிஷ்கெக் விடுதில குளிரும்."

"அவதான் இங்க வரப்போறாளே."

"யார் சொன்னா? அப்படி வந்தா மெத்தையும் கூடவே வந்துட்டுப் போகுது. பழத்துக்கு மேல போட்டா பழம் அடிபடாது."

"உங்கிட்ட பேசுறதுக்கு அந்தக் கன்னுக்குட்டிகிட்ட பேசலாம்" என்று போய்விட்டார். மெத்தையை ஏற்றினார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வியாழக்கிழமை நீ எழுதும் கடிதத்தை ஸலாமில் ஆரம்பிக்காதே. சுகம் விசாரிக்காதே, கன்றைக் கேட்காதே. முடிவு எதுவானாலும் அதை முதல் வரியில் வை. அல்லாஹ் கோபித்துக்கொள்ள மாட்டான், ஸலாமைப் பின்னால் சொன்னாலும் ஏற்றுக்கொள்வான்.

அண்ணி.


பிஷ்கெக்,
செப்டம்பர் 12

தேறிவிட்டேன்.

அக்டோபர் முதல் தேதி ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். முதல் மூன்று மாதம் பார்ப்பார்களாம். சரியாகச் செய்தால் நிரந்தரம். காலை முறை. பட்டறையில் சொல்லிவிட்டேன்.

கேள்வி, விடைகள், சமர்ப்பி. கேள்வி, விடைகள், சமர்ப்பி. வழியில் ஒருவரையும் பார்க்கவில்லை. ஒரு கேள்வியில் மட்டும் தவறினேன். அது என் தவறுதான், உங்களுடையது இல்லை. துருஸ்பெக்கும் தேறினான். "கேள்வி ரொம்ப சுலபம், இதுக்கும் ஒரு கடிதாசி போடணும்" என்கிறான். அது என் அண்ணி கட்டியது என்று இன்றைக்குத்தான் சொன்னேன். "உங்க அண்ணிக்கு ஆப்பிள் ஜாம் போடத் தெரியுமா?" என்று கேட்டான். மன்னிப்புக் கேட்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது: மதிப்பிற்குரிய அண்ணிக்கு உங்கள் சின்னப்பெண்ணின் ஸலாம். அண்ணன் சுகமா? பிள்ளைகள் சுகமா? சகால்தாய் புல் தின்கிறதா? நான் சுகம். மெத்தையோடு என் சின்னக் கெட்டிலையும் அனுப்புங்கள், மரப்பெட்டியில் அடியில் இருக்கும்.

அண்ணன் நாளைக்குக் கிளம்புவதற்குள் அவரிடம் சொல்லிவிடுங்கள். காலியாகவே திரும்பப் போகிற வண்டியைப் பற்றி அவர் என்ன சொல்கிறார்? அதை முதல் வரியில் எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

பெரிசாத்.